உப்புக்காற்றும் இரண்டாவது கேமராவும்

முதல் கேமரா வாங்கும்போது யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. நண்பன் ஒருவன் வைத்திருப்பான், அதையே வாங்குவார்கள். அல்லது 18-55 லென்ஸோடு பையும் மெமரி கார்டும் இலவசம் என்று கடைக்காரர் எதை எடுத்து நீட்டுகிறாரோ அது தான் முதல் கேமரா. அதில் தப்பொன்றும் இல்லை. சிக்கல் எல்லாம் இரண்டாவது கேமராவில் தான் ஆரம்பிக்கிறது. அதற்குள் இரண்டு மூன்று வருடம் படம் எடுத்துப் பழகியாகிவிட்டது. விமர்சனக் கட்டுரைகள் எல்லாம் மனப்பாடம். கையில் கொஞ்சம் பணமும் சேர்ந்திருக்கிறது. அரைகுறை அறிவும் அரைகுறைப் பணமும் ஒன்று சேரும் இந்த இடத்தில் தப்பான முடிவு எடுப்பது ரொம்ப சுலபம்.

இந்த நேரத்தில் வீட்டில் ஒரு கேள்வி வரும். "ஒண்ணு தான் இருக்கே, இன்னொண்ணு எதுக்கு?" அம்மாக்கள் கேட்கும் இந்தக் கேள்வியைப் பெரும்பாலானவர்கள் "உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று தள்ளிவிடுகிறார்கள். உண்மையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி அது தான். அதற்குப் பதில் சொல்ல முடிந்தவர் வாங்கலாம். பதில் இல்லாதவர் வாங்குவது கேமரா அல்ல, வெறும் ஆசை.

தூத்துக்குடிக்காரர்களிடம் இதற்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. காற்று!

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று அடிக்கும்போது உப்பளத்துப் பக்கம் போய் நின்றவர்களுக்குத் தெரியும். கண்ணைத் திறக்க முடியாது. மண்ணும் உப்பும் சேர்ந்து முகத்தில் அறையும். கடற்கரையில் நின்றால் அலையின் நுண்ணிய துளி கண்ணுக்குத் தெரியாமலே வந்து படியும். அரை மணி நேரம் கழித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளையாகப் படலம் கட்டியிருக்கும். அதே படலம் தான் லென்ஸின் மேலும். இந்த இடத்தில் நின்றுகொண்டு ஒருவர் 18-55ஐக் கழற்றிவிட்டு 70-300ஐ மாட்டுகிறார் என்று வையுங்கள். அந்தப் பத்து நொடியில் கேமராவின் வயிறு திறந்தே இருக்கிறது. உள்ளே போன தூசி சென்சாரில் ஒட்டிக்கொண்டால், எஃப் 11, எஃப் 16 என்று துளையைச் சின்னதாக்கும்போது வானத்தில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். தூத்துக்குடிப் படங்களில் பாதி வானம் தானே! வெறும் தூசி என்றால் ஊதிவிடலாம். உப்பு ஈரத்தை இழுக்கும், உலோகத்தை அரிக்கும். லென்ஸும் பாடியும் பேசிக்கொள்ளும் அந்தச் சின்ன உலோகப் புள்ளிகளுக்கு உப்பை விடப் பெரிய எதிரி கிடையாது.

ஆக, இந்தக் கடற்கரையில் இரண்டாவது பாடியின் முதல் வேலை லென்ஸ் மாற்றாமல் இருப்பதற்கு வழி செய்வது. ஒன்றில் அகலக் கோணம், இன்னொன்றில் தொலைவு. வீட்டிலேயே மாட்டிவிட்டுக் கிளம்பினால் திரும்பி வந்து துடைக்கும் வரை எதையும் கழற்ற வேண்டாம். உப்பளத்தில் விடிகாலையில் வேலை நடக்கும்போது இதன் அருமை தெரியும். பாத்தியில் உப்பு வாரும் வரிசையை அகலமாக எடுத்துக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் பூநாரைக் கூட்டம் எழும்பும். லென்ஸ் மாற்றுகிற வரைக்கும் பூநாரை காத்திருக்காது.

இதை ஒப்புக்கொண்டால் அடுத்த முடிவு தானாக வருகிறது. இரண்டாவது பாடி முதலாவதை விட உசத்தியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஏறக்குறைய எல்லோரும் இதற்கு நேர்மாறாகத் தான் செய்கிறார்கள். கையில் இருக்கும் பணம் முழுவதையும் ஒரு பெரிய பாடியில் போட்டுவிட்டு, அதில் பழைய 18-55ஐயே மாட்டிக்கொண்டு அலைகிறார்கள். பழைய பாடி அலமாரியில் தூங்குகிறது. இரண்டு கேமரா வாங்கியும் கையில் இருப்பது ஒன்று தான்.

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இந்த விஷயம் சட்டென்று புரியும். தேய்மானத்தில் குறைந்து செல் இருப்பு முறை என்று ஒன்று உண்டே, டிஜிட்டல் பாடிக்கு அது அச்சாகப் பொருந்தும். 40,000 ரூபாய்க்கு ஒரு பாடி, வருடத்துக்கு 25 சதவீதம் தேய்மானம் என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால் முதல் வருட முடிவில் 30,000, அடுத்து 22,500, மூன்றாம் வருட முடிவில் 16,875. புதிதாக வாங்கியவர் முதல் வருடத்தில் மட்டும் இழந்தது 10,000. மூன்று வருடம் கழித்து அதையே 16,875க்கு வாங்குகிறவர் அடுத்த ஒரு வருடத்தில் இழப்பது சுமார் 4,200. இரண்டு பேரும் எடுக்கும் படத்தில் என்ன வித்தியாசம்? ஒன்றும் இல்லை. கேமராவுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2019 ஜனவரியில் 18 ஆகக் குறைந்தது நல்லது தான், ஆனால் ஒரு தனிநபரிடமிருந்து பழையதாக வாங்கும்போது அந்த 18ம் இல்லை.

லென்ஸ் கதை வேறு. கானன் தன் இஎஃப் மவுண்ட்டைக் கொண்டுவந்தது 1987ல். அந்தக் காலத்து கானன் லென்ஸை இன்றைக்கும் ஒரு கானன் டிஎஸ்எல்ஆரில் மாட்டினால் ஃபோகஸ் ஆகும். அந்த லென்ஸைப் போட்டு எத்தனை பாடிகள் பிறந்து செத்திருக்கும்! லென்ஸுக்கு நேர்கோட்டு முறை தான், அதுவும் மிக மெதுவான கோடு. எனவே பழைய பாடி, நல்ல லென்ஸ். பணம் போக வேண்டிய திசை இது.

பழைய பாடி என்றதும் எதையாவது வாங்கிவிடக் கூடாது. இங்கே ஒரு குழி இருக்கிறது, குறிப்பாக நிகான்காரர்களுக்கு. 1959லிருந்து நிகானின் எஃப் மவுண்ட் மாறவே இல்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மை தான், லென்ஸ் மாட்டும். மாட்டினால் வேலை செய்யுமா என்பது வேறு கேள்வி. ஒரு மாணவரிடம் 2016ல் வந்த டி3400 இருக்கிறது, கூடவே வந்தது ஏஎஃப்-பி வகை 18-55. மலிவாகக் கிடைக்கிறதே என்று 2010ல் வந்த டி7000ஐ இரண்டாவது பாடியாக வாங்குகிறார். கூடவே ஒரு பழைய ஏஎஃப்-டி 50 மி.மீ. லென்ஸ். வீட்டுக்கு வந்து பார்த்தால், டி3400ன் 18-55 புதிதாக வாங்கிய டி7000ல் ஃபோகஸே ஆகாது. ஏஎஃப்-பி லென்ஸை அந்தத் தலைமுறைப் பாடிக்குத் தெரியாது. சரி, 50ஐ டி3400ல் மாட்டலாம் என்றால் அதிலும் ஆட்டோஃபோகஸ் கிடையாது. ஏஎஃப்-டி லென்ஸைச் சுழற்றும் மோட்டார் பாடிக்குள் இருக்க வேண்டும், நிகானின் டி3000, டி5000 வரிசைகளில் அந்த மோட்டார் இல்லை. ஒரே நிறுவனம், ஒரே மவுண்ட், ஒன்றுக்கொன்று பேசாத இரண்டு கேமராக்கள்! இதே மாணவர் கொஞ்சம் பொறுத்து, 2017ல் வந்த டி7500ஐத் தேடியிருந்தால் இரண்டு லென்ஸும் அதில் ஒழுங்காக ஓடியிருக்கும்.

கானனில் இந்த வம்பு குறைவு, ஏனென்றால் இஎஃப் லென்ஸ்களில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் இஎஃப்-எஸ் என்று எழுதியிருக்கும் லென்ஸ் சின்ன சென்சார் பாடிக்கு மட்டும் தான். 5டி, 6டி போன்ற ஃபுல் ஃபிரேமில் அது மாட்டவே மாட்டாது. "ஃபுல் ஃபிரேமுக்குப் போறேன்" என்று கிளம்புகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பாடி மட்டும் மாறாது, லென்ஸ் பையே மாற வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம், பேட்டரி. இரண்டு பாடிக்கும் ஒரே பேட்டரி என்றால் பாதி வாழ்க்கை நிம்மதி. 1300டியும் 1500டியும் ஒரே பேட்டரியில் ஓடுபவை. அதுவே 80டி என்றால் வேறு பேட்டரி, வேறு சார்ஜர். அதற்காக 80டி வேண்டாம் என்பதில்லை, பையில் இரண்டு சார்ஜர் என்பதை முன்னாடியே தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

மிரர்லெஸ்? இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. 2018ல் கானன் ஆர்எஃப் மவுண்ட்டையும் நிகான் இசட் மவுண்ட்டையும் கொண்டுவந்தன. 2020க்குப் பிறகு இரண்டும் புது டிஎஸ்எல்ஆர் எதையும் வடிவமைத்து வெளியிடவில்லை. எதிர்காலம் அங்கே தான் என்பதில் சந்தேகம் இல்லை. முதல் கேமராவே வாங்காதவர் நேராக மிரர்லெஸ் வாங்குவது தான் சரி. ஆனால் ஏற்கனவே ஒரு டிஎஸ்எல்ஆரும் இரண்டு லென்ஸும் வைத்திருப்பவருக்குக் கணக்கு வேறு. கானனில் அடாப்டர் போட்டால் பழைய லென்ஸ் புதுப் பாடியில் நன்றாகவே ஓடும், ஆனால் புது ஆர்எஃப் லென்ஸ் பழைய பாடியில் மாட்டாது. ஒருவழிப் பாதை. நிகானின் எஃப்டிஇசட் அடாப்டரிலும் ஏஎஃப்-டிக்கான மோட்டார் இல்லை. அதோடு மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றினால் நடுவில் கண்ணாடி கூட கிடையாது, பல மாடல்களில் சென்சார் நேராக வெளியே தெரியும். கச்சான் காற்றில் அதைத் திறந்து காட்ட எவ்வளவு தைரியம் வேண்டும்! பலரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் பழைய சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. மற்றவர்கள் எதிர்காலத்துக்கு ஓடட்டும், அவர்கள் போட்டுவிட்டுப் போவதைப் பொறுக்கிக்கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. 18-200, 18-300 என்று ஒரே லென்ஸ் வாங்கி ஒரே பாடியில் மாட்டிவிட்டால் லென்ஸ் மாற்றும் பிரச்சனையே இல்லையே, இரண்டாவது பாடியே வேண்டாமே? பகலில் இது முழுக்கச் சரி. துறைமுகம், உப்பளம், மணப்பாடு என்று வெயிலிலேயே சுற்றுகிறவர் அதை வாங்கிவிட்டு இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். அம்மாவின் கேள்விக்கும் அதுவே மலிவான பதில். இருட்டு வந்ததும் தான் அந்த லென்ஸ் கையை விரிக்கும். தொலைவுக்குப் போகப் போக அதன் துளை எஃப் 5.6, எஃப் 6.3 என்று சுருங்கிவிடுகிறது.

இந்த மாவட்டத்தின் பெரிய காட்சிகளோ இருட்டில் தான் நடக்கின்றன. குலசேகரன்பட்டினம் தசரா அப்படித் தான். காளியும் குறவனும் ராஜாவுமாக வேஷம் போட்டவர்கள் ஊர் முழுக்க நிரம்பி வழிய, பத்தாம் நாள் நள்ளிரவில் கடற்கரையில் சூரசம்ஹாரம். மேளம், புழுதி, மணல், வியர்வை, லட்சக்கணக்கில் கூட்டம். அங்கே நின்று லென்ஸ் மாற்ற இடம் எங்கே? கையைத் தூக்கவே இடம் கிடைக்காது. ஒரு பாடியில் 50 மி.மீ. எஃப் 1.8, இன்னொன்றில் 10-18 மாதிரி ஒரு அகலக் கோணம். வேஷக்காரரின் முகத்தில் விழும் ட்யூப்லைட் வெளிச்சம் 50க்குப் போதும். கூட்டத்தின் நடுவில் மாட்டிக்கொண்டவர் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கி அகலக் கோணத்தில் அழுத்திக்கொள்ளலாம். சூரசம்ஹாரத்தை மேடை மேலிருந்து எடுக்க முடிகிறவர்கள் கொஞ்சம் பேர், மற்றவர்களுக்கு இது தான் வழி.

50 மி.மீ. பற்றி ஒரு வார்த்தை. எல்லா நிறுவனங்களிலும் விலை குறைந்த நல்ல லென்ஸ் இது என்பதால் எல்லோரும் முதலில் இதையே வாங்கச் சொல்வார்கள். 1950ல் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரின் கடைசி நாட்களைப் படம் எடுத்த கார்த்தியே-பிரசோன் வாழ்க்கையில் பெரும்பகுதி 50ஐ வைத்தே ஓட்டினார் என்று உதாரணமும் காட்டுவார்கள். அவருடையது ஃபிலிம் லைக்கா. சின்ன சென்சாரில் அதே 50, நிகானில் 75 போலவும் கானனில் 80 போலவும் பார்க்கும். முகத்துக்கு அருமை, தெருவுக்கு நெருக்கடி. அவர் பார்த்த அகலத்தில் பார்க்க விரும்புகிறவர் 35 மி.மீ. வாங்க வேண்டும்.

உசத்தியான பாடி இல்லாமல் என்ன செய்ய முடியும் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணனை விடப் பெரிய பதில் கிடையாது. 1912ல் பிறந்து 1996ல் மறைந்த இயற்கையியலாளர், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். யானையையும் காட்டெருதையும் அவர் கறுப்பு வெள்ளையில் எடுத்த கேமரா எந்தக் கடையிலும் விற்காதது. வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து அவரே கட்டிக்கொண்டது. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வேறு வைத்திருந்தார்! தான் எடுக்கப்போகும் படத்துக்கு என்ன தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மாடல் எண்களை ஒப்பிட்டுக்கொண்டே வருடத்தைக் கழிப்பவர்களுக்குத் தெரியாதது அது ஒன்று தான்.

பழையது வாங்கப் போகும்போது பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை. ஷட்டர் எத்தனை முறை திறந்திருக்கிறது என்பது நிகானில் படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும், கானனில் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. ஆரம்பநிலைப் பாடிகளுக்கு ஒரு லட்சம் முறை என்பது பொதுவான கணக்கு. லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடக் கூடாது. கடற்கரை ஊரில் இருந்த கேமரா என்றால் பேட்டரி அறையையும் ஃபிளாஷ் மாட்டும் இடத்தையும் பார்க்க வேண்டும். பச்சையாகவோ வெள்ளையாகவோ ஏதாவது பூத்திருந்தால் உள்ளே உப்பு போயிருக்கிறது என்று அர்த்தம்.

மேலே லென்ஸின் தேய்மானம் மிக மெதுவான கோடு என்று சொன்னதற்கு ஒரு திருத்தம் தேவை. தூத்துக்குடியில் லென்ஸின் ஆயுளைத் தீர்மானிப்பது வருடங்கள் அல்ல, பூஞ்சை. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், கடலோர ஊரில் அது தாண்டாத நாள் எது? எனவே வாங்கும் பட்டியலில் லென்ஸுக்கு முன்னால் எழுத வேண்டியது காற்றுப் புகாத ஒரு பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன மீட்டர். 40லிருந்து 50க்குள் முள் நின்றால் போதும். ஜெல் நீலத்திலிருந்து ரோஸ் ஆனதும் சூடாக்கி மறுபடி போடலாம். கேமராவைப் பையிலேயே பூட்டி வைப்பது தான் இருப்பதிலேயே மோசம். கடலுக்குப் போய் வந்ததும் லென்ஸை உடனே துணியால் தேய்ப்பதும் அப்படியே. உப்புப் படிகம் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊத வேண்டும், பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, அதற்குப் பிறகு தான் காய்ந்த துணி. ஒரு சாதாரண யுவி ஃபில்டர் மாட்டியிருந்தால் இந்தத் தேய்ப்பெல்லாம் அதன் தலையோடு போகும்.

உப்பளத்தில் இன்னும் இரண்டு விஷயம். வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியலைப் பார்த்தால் கேமராவின் மீட்டர் ஏமாந்து படத்தைச் சாம்பல் ஆக்கிவிடும், ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டாப் கூட்டி வைக்க வேண்டும். இரண்டாவது, அங்கே வேலை செய்பவர்களிடம் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். கழுத்தில் தொங்கும் அந்த 'மலிவான' இரண்டாவது பாடி, தலையில் உப்புக் கூடை தூக்கும் பெண்ணுக்குப் பல மாதக் கூலி. மழை தொடங்கிவிட்டால் அவருக்கு அந்த வேலையும் இல்லை. கேமராக்காரர் அதே மழையில் "சீசன் முடிஞ்சிருச்சு" என்று டப்பாவை மூடிவிட்டுப் போகிறார்.

இரண்டு பாடிக்கு இன்னொரு காரணம் உண்டு, அது பழுது. பொழுதுபோக்குக்காரருக்கு மாற்றுக் கேமரா எதற்கு, கல்யாண வீட்டில் எடுப்பவருக்குத் தானே வேண்டும் என்று கேட்கலாம். கல்யாணமாவது அடுத்த முகூர்த்தத்தில் இன்னொன்று வரும். பனிமய மாதா கோயிலின் தங்கத் தேர் 2013 ஆகஸ்ட் 5ல் ஓடியது, அதற்கு அடுத்து ஓடியது 2023 ஆகஸ்ட் 5ல். இடையில் பத்து வருடம். அன்றைக்குக் காலையில் ஷட்டர் மாட்டிக்கொண்டால் எந்த சர்வீஸ் சென்டரும் உதவாது. முத்துக்குளிப்பு இந்தக் கடலில் 1961க்குப் பிறகு நடக்கவில்லை. அடுத்த வருடம் குளிப்பு வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்கு அந்த அடுத்த வருடம் வரவே இல்லை.

கடைசியாக, இரண்டு பாடியோடு கிளம்புவதற்கு முந்தின நாள் இரவு செய்ய வேண்டிய ஒன்று. இரண்டிலும் கடிகாரத்தை ஒரே நிமிடத்துக்கு வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கும்போது சூரன் விழுந்த பிறகு வேஷக்காரர்கள் வந்துகொண்டிருப்பார்கள்.